இருபது லிட்டர் வாளி

வெள்ளம் வடிந்தபின் வீட்டுக்குள் நின்ற சேற்றை
கையில் கிடைத்த தட்டால் அள்ளிக் கொட்டினோம்.
கடைசி வாளியைத் தூக்கத் தெம்பில்லை.
பெயிண்ட் வாளி, இருபது லிட்டர்.
கால்வாய்ச் சேறு, எண்ணெய் வாடை,
யார் வீட்டுப் பிள்ளையுடையதோ
இடது கால் ரப்பர் செருப்பு ஒன்று.
மாடிப்படிக்குக் கீழே அப்படியே விட்டுவிட்டோம்.

தை கடைசியில் அதில் இரண்டு தடித்த இலைகள்,
ஊறிய மொச்சையைப் பிளந்து வைத்ததுபோல.

எர்ணாவூரில் எதற்கும் பெயர் சொல்ல ஆள் உண்டு.
மூன்றாம் வீட்டு பியூலா, பாதாம் என்றாள்.
கேபிள்காரர், "எருக்கு சார், புடுங்கிப் போடுங்க."
கிள்ளிப் பார்த்தேன், பால் வரவில்லை.
கொய்யாவாக இருக்கட்டுமே என்றாள் தமயந்தி,
அவளுக்குக் கொய்யா பிடிக்கும்.
மகன் போனை நீட்டினான்.
போன் சற்று யோசித்து
ஆலிவ், நாற்பத்தோரு சதவீதம் என்றது.

மணலியில் எடைமேடையில் எனக்கு வேலை.
வண்டி எண், சரக்கின் பெயர், மொத்த எடை, வெற்று எடை.
சரக்கின் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால்
சீட்டு அடிக்காது எங்கள் கம்ப்யூட்டர்.
இரவு ஷிப்டில் அந்தக் கட்டத்தில்
கர்சர் துடிக்கும்போதெல்லாம்
படிக்கட்டுக்குக் கீழ் இருப்பது ஞாபகம் வரும்.

மெட்ரோ லாரித் தண்ணீரில் ஒரு சொம்பு
அதற்கும் எடுத்து வைத்தேன்.
செடி சும்மா இருந்தது,
பந்தியில் உட்கார்ந்து இலையைத் தொடாத சம்பந்தி மாதிரி.
சித்திரையில் ஒன்பது நாள் லாரி வரவில்லை.
வேறு வழியில்லாமல் போர் தண்ணீர்.
எங்கள் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது,
பருப்பு வேகாது, துளசி மூன்று முறை செத்திருக்கிறது.
இது நிமிர்ந்தது.
வாரத்துக்குள் புதிதாய் நான்கு இலை.
அடிப்பக்கம் திருநீறு பூசித் துடைத்த வெளுப்பு.
மேல்பக்கம் விடிகாலையில் பொடிப்பொடியாய் ஏதோ மின்னும்.
அனல்மின் நிலையச் சாம்பல்தான், வேறென்ன,
ஈரத் துணியால் துடைத்துவிடுவேன்.
மறுநாளும் இருக்கும்.

சிலிண்டர் போட வந்தார் தேசப்பன்.
தோளிலிருந்து இறக்கி மூச்சு வாங்கியவர்
வாளியைப் பார்த்தார். குனிந்தார்.
ஓர் இலையைப் பிடித்து நக்கினார்.
"அண்ணே..." என்றேன் பதறி.
"கண்டலு," என்றார். "ஆத்துல நிக்க வேண்டியது,
இங்க வந்து இன்னா பண்ணுது?"
பள்ளிக்கூடம் போகாத நாட்களில் இதன் வேருக்குள்
கைவிட்டு நண்டு பிடித்ததையும்
அந்த இடத்தில் இப்போது குழாய் போவதையும்
சில்லறை எண்ணிக்கொண்டே சொன்னார்.
மேலே முப்பது ரூபாய் கேட்டார். கொடுத்தேன்.

அவர் போனதும், யாரும் பார்க்கவில்லையென்று பார்த்து,
நானும் நக்கினேன்.
உப்பு.
சட்டைக் காலரில் காய்ந்து நிற்குமே, அந்த உப்பு.
குடித்ததில் வேண்டாததை
தினமும் அது இலைவழியே தள்ளியிருக்கிறது.
நான் தினமும் சாம்பலென்று துடைத்திருக்கிறேன்.

ஆடியில் ஒரு நாள், விடிந்ததும் ஆற்றோரம்
கொண்டுபோய் வைப்பதாக ஏற்பாடு.
ஷிப்டு முடியும்வரை வாளி என் நாற்காலியருகில்.
மூன்று மணிக்கு லாரி ஏதும் இல்லை.
எழுபது அடி இரும்பு மேடையின் நடுவே
வாளியை வைத்துவிட்டு ஓடிவந்து திரையைப் பார்த்தேன்.
பத்துப் பத்தாக எண்ணும் எந்திரம்
இருபதா முப்பதா என்று தடுமாறி முப்பதில் நின்றது.

வண்டி எண் இல்லை.
சரக்கின் பெயர்: கண்டல்.
சீட்டு அடித்தது.

வாளியின் எடையைக் கழிக்கவில்லை.
வேர் அந்தச் செருப்பின் வார் ஓட்டைக்குள் போயிருந்தது,
அதையும்.