பொழி முறிந்த இரவு

ஸ்கூட்டர் சாவியை ஈடாக வாங்கி
இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டார் சூசையடிமை:
"அந்தத் திட்டுல யாரு இருக்கா?"
யாருமில்லை என்றோம்.
"பின்ன எதுக்குப் போறிய?"
அதுக்குத்தான் என்று நாக்கு வரை வந்தது.
வள்ளத்துக்கு வாடகையைக் கொடுத்தேன்.

கடைசித் தடுப்பணைக்குக் கீழே
பழையாறு, தான் ஆறு என்பதை மறந்துவிடுகிறது.
மேலே ஒரு வாரம் மழை. கீழே பொழி அடைபட்டிருந்தது.
நாஞ்சில் வயலெல்லாம் கழுவி வந்த வெள்ளம்
கதவு திறக்காத வீட்டு வாசலில் விருந்தாளிபோல
போகவும் முடியாமல் நின்றது.

முதல் அரைமணி நேரம் வட்டமடித்தோம்.
பிறகு மெற்றில்டா எண்ணினாள், நான் தள்ளினேன்.
முப்பது வந்ததும் நிறுத்துவாள்.
இரண்டு மூச்சு.
மறுபடி ஒன்று.
நெஞ்சை அமுக்கி அமுக்கி
அவள் கைக்குப் படிந்துபோன கணக்கு.
போன செவ்வாய்க்கிழமை அது
ஒன்பது வயசுக்காரன் ஒருவனை எழுப்பவில்லை.
அதைப் பற்றி வழியில் பேசவில்லை.
கூழைக்கடா ஒன்று
எங்களுக்கு வழிவிட மனமில்லாமல்
கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது.

திட்டு என்றால் என்ன,
கண்டல் மரம், தாழை,
நூறு நண்டு வளை,
படுக்க ஒரு பாய் அகலம் மண்.
கூடாரத்தில் ஒரு கம்பி குறைந்தது;
துடுப்பை நட்டோம்.
தீப்பெட்டி நனைந்துவிட்டது.
அவித்துக் கொண்டுவந்த மரச்சீனியைக்
கருவாடு சுடாமலே தின்றோம்.
மணக்குடிப் பாலத்தில் லாரி வெளிச்சம்
இருந்து இருந்து ஒன்று போனது.
"இங்க யாருக்கும் ஒண்ணும் ஆகாது" என்றாள்.
ஆள் இருந்தால்தானே என்றேன்.
அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள்.
கொசுதான் இரண்டு பேரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டது.

எத்தனை மணி என்று தெரியாது.
தெற்கே ஒரு சத்தம்.
இடி இல்லை. அலையும் இல்லை.
ரொம்ப நேரம் அடக்கி வைத்திருந்தது
மொத்தமாக வெளியேறுகிற சத்தம்.
மெற்றில்டா எழுந்து உட்கார்ந்திருந்தாள்.
இருட்டில் வெள்ளம் எங்கள் காலடியிலிருந்து
வேரை உரசிக்கொண்டு போவது கேட்டது.
"பொழி முறிஞ்சிட்டுது" என்றேன்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
என் தோளில் சாய்ந்து
வாயைத் திறந்து தூங்கிப்போனாள்,
குறட்டையோடு.

விடிந்து பார்த்தால்
வள்ளம் கண்டல் வேரில் தொங்குகிறது,
மூக்கு வானத்தைப் பார்த்து.
ஆறு நாற்பது ஐம்பது அடி தள்ளிப் போயிருந்தது.
இடையில் முழங்கால் சேறு;
அதில் நேற்று இல்லாத மீன்கள் துடித்தன,
கொக்குகளுக்கு எந்தப் பக்கம் தொடங்குவதென்று தெரியவில்லை.

கயிற்றை நான் பிடித்தேன்.
பின்னாலிருந்து அவள் தள்ளினாள், எண்ணினாள்.
இருபத்தெட்டு. இருபத்தொன்பது.
முப்பதில் நான் நின்றேன், வழக்கம்போல.
"இழு" என்றாள். "முப்பத்தொண்ணு."

நாற்பத்தேழில் வள்ளம் வெள்ளத்தைத் தொட்டது.
அதற்குள் என் இடது செருப்பு
சேற்றோடு போய்விட்டிருந்தது.