நாலாயிரத்தில் ஒரு பள்ளம்

புதுச்சேரியிலிருந்து அந்துவான்
காரின் பின்சீட்டில் பெல்ட் போட்டுக் கூட்டிவந்தார்
மூன்று பெட்டிகளை.
ஒன்று குறுந்தகடு மட்டும் சுழற்றும்.
ஒன்று இணையத்திலிருந்து இழுத்துப் பாடும்.
இன்னொன்றுக்கு வயிற்றில் வட்டு;
என் எண்ணூறு தகடுகளையும் விழுங்கிவிட்டுச்
சத்தமில்லாமல் கிடக்குமாம்.

ஸ்பீக்கர் வந்து ஆறு மாதம்.
பி.எஃப். பணத்தில் பாதி
கூடத்தின் இரு மூலையிலும் ஆளுயரம் நிற்கிறது.
ஊற்று சரியில்லாமல்
வாய்க்காலைச் சிமெண்டில் கட்டி என்ன சார் என்கிறார்.
மேல் விலையைச் சொன்னபோது மட்டும்
அவர் அஞ்சலாட்சி பக்கம் திரும்பவில்லை.

மஞ்சக்குப்பத்துக் காற்று
எந்தப் பொருளையும் மன்னிப்பதில்லை.
போன வருடம் போட்ட ஒயர் முனைகளில்
பச்சை பூத்திருக்கிறது.
பழைய பனியனால் துடைக்கிறேன்.
இதெல்லாம் தங்க முலாம் சார், கவலையே வேண்டாம்.
தங்கத்தையும் பார்த்த உப்புதான் இது.

தகடுகளில் பாதி, வெள்ளம் வந்த வருடம் நனைந்தவை.
சேறு கழுவி, கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தோம்.
அட்டைகள் போயின.
தகட்டின் முதுகில் மார்க்கரில் அஞ்சலாட்சி கையெழுத்து:
'நாதஸ்வரம், கோயில், ரெண்டாம் நாள்.'
அதையே மூன்றிலும் ஏற்றிக் கேட்டோம்.

முதல் பெட்டியில்
வாசிப்பவர் மூச்சிழுப்பது கேட்டது.
அடுத்ததில்
கூட்டத்தில் யாரோ பிள்ளையை அதட்டுவது.
மூன்றாவதில்
தவிலின் தொப்பியில் விழுந்த கழி
என் விலாவில் விழுந்தது.

இதுதான் என்றேன்.
அந்துவான் ரசீதுப் புத்தகத்தைத் தொட்டார்.

சமையலறையிலிருந்து அஞ்சலாட்சி:
'எல்லாம் சரி, அந்த ஜால்ராக்காரன்தான்
முந்தி முந்தி ஓடுறான்.'

எந்த ஜால்ரா?

அந்துவான் என்னைப் பார்த்தார்.
நான் ஆம்பிளிஃபயரைப் பார்த்தேன்.

சிப்காட்டில் கம்ப்ரஸர் அறை, இருபத்தேழு வருடம்.
ஆண்டுக்கொரு முறை ஒரு வேன் வரும்,
காதில் மாட்டிவிட்டு அந்தப் பெண் சொல்லும்,
கேட்டால் பட்டனை அழுத்துங்க அண்ணா.
கேட்காதபோதும் அழுத்தியிருக்கிறேன், ஊகமாக.
கோடு ஏமாறவில்லை.
நாலாயிரம் ஹெர்ட்ஸில் விழுந்து
எட்டாயிரத்தில் அரைகுறையாய் ஏறியது.
அந்தக் காகிதம் பீரோவில்,
எல்.ஐ.சி. பத்திரங்களுக்கு அடியில்.

வினாடிக்கு
ஒரு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம் துளியாம்
இந்தப் பெட்டி.
வந்து விழட்டும்.
இங்கே நாலாயிரத்திலேயே பாலம் உடைந்து கிடக்கிறது.

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.
ஃபேனை நிறுத்தினாள்.
என் மணிக்கட்டைப் பிடித்து
ஒரு விரலால் தட்டத் தொடங்கினாள்.
'இங்க.
இங்க.
இப்ப விட்டுட்டான்.
இங்க.'
வேர்த்தது. மூவரும் அசையவில்லை.
சுத்தமான வெற்றிடத்தில்
ஒருவன் தாளம் தவறுவதை
தோலில் வாங்கிக்கொண்டிருந்தேன்.

எதில் நல்லா கேட்குது, என்றேன்.
'ரெண்டாவதுல. ஆனா குத்துது.
மூணாவதுல அவன் எங்கன்னே தெரியல.
மொதல்ல போட்டீங்களே,
அதுல தள்ளி நிக்கிறான் பாவம், தூணோரமா.'

அந்துவான் மெல்லச் சொன்னார்:
பதினெட்டு வருஷமா விக்கிறேன்மா,
தூண யாரும் சொன்னதில்ல.

விலை குறைந்த பெட்டிதான் அது.
எண்ணூறையும் ஒவ்வொன்றாய் எழுந்துபோய் மாற்ற வேண்டும்.
மற்ற இரண்டும் பெல்ட் போட்டுக்கொண்டு
கடலோரச் சாலையில் திரும்பிப் போயின.

அவள் தூங்கிய பிறகு
அதே தகட்டைப் போட்டேன், தணித்து.
கோயில் வந்தது. மூச்சு வந்தது.
தூண் இருந்தது.
அதன் ஓரத்தில் ஒருவன்
இரண்டு கைகளையும் சேர்த்துச் சேர்த்துப்
பிரித்துக்கொண்டிருந்தான்.