இன்று எவ்வளவு குடித்தது

மரப்பெரணிக்கு வேர் மண்ணில் மட்டும் இல்லை.
தண்டென்று நாம் நினைப்பதே
ஒன்றன்மேல் ஒன்று படிந்த வேர்தான்,
கருத்த கம்பளி மாதிரி.
தொட்டியில் ஊற்றிவிட்டுக்
குடித்துவிட்டது என்று போய்விடக் கூடாது.
இதைத் தெரிந்துகொள்ள எனக்கு
ஒரு சித்திரையும் ஏழு மட்டைகளும் செலவாயின.

ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில்
மடியில் வைத்துக் கொண்டுவந்தது.
கொளத்தூர், இரண்டாம் மாடி, கிழக்கு பால்கனி.
போர்த் தண்ணீர் ஊற்றினேன்,
தண்டில் வெள்ளை பூத்தது, நுனிகள் கருகின.
ஆர்.ஓ. கழிவை ஊற்றினேன், அது இன்னும் உப்பு.
தினம் எட்டு மணி நேரம்
மனித ரத்தத்திலிருந்து உப்பைப் பிரிக்கும் வேலை எனக்கு.
வீட்டில் யோசிக்கவில்லை.

டயாலிசிஸ் பிரிவு, நான்காம் படுக்கை,
செவ்வாய் வியாழன் சனி: தணிகாசலம்.
ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்.
காப்பி, ரசம், மாத்திரை விழுங்குவது
எல்லாம் அதற்குள்.
எடை பார்க்கும் முன் செருப்பைக் கழற்றுவார்,
சட்டைப்பையிலிருந்து
சில்லறையைக்கூட எடுத்து வைப்பார்.
"ரெண்டே முக்கால் ஏறியிருக்கு சார்."
"வெயில்மா."
அதற்குமேல் நானும் கேட்பதில்லை.

செடி சாகிறதென்று அவரிடம்தான் சொன்னேன்.
ஊசி இறங்கும்போது
எதையாவது பேசியாக வேண்டுமே.
கூரையைப் பார்த்தபடி கேட்டார்:
"ஏசி தண்ணியில உப்பு இருக்குமா?"

மேல்வீட்டு ஜெபசீலியின் ஏசிக் குழாய்
என் கைப்பிடிச் சுவரில் சொட்டுவதற்காக
இரண்டு வருடம் சண்டை போட்டிருக்கிறேன்.
அன்றிரவு அதன் கீழே
பழைய பெயிண்ட் வாளியை வைத்தேன்.
விடியும்போது முக்கால் வாளி.
இப்போது அவள் நாசரேத்துக்குக் கிளம்பினால்
எப்போது திரும்புவாள் என்று
முதலில் விசாரிப்பது நான்தான்.

கத்திரியில் விடிகாலை ஒரு தடவை,
உச்சிக்குச் சற்றுக் கீழிருந்து மெதுவாக,
தண்டு முழுக்க நனைந்து
அடித் துளையில் வழியும் வரை.
பகலில் டூட்டி, தண்டைச் சுற்றி ஈரச் சாக்கு.
இரவு மறுபடி.
"மொத்தம் எவ்வளவு?"
"நாலு லிட்டர் சார்."
வாயில் ஐஸ் துண்டை ஒதுக்கிக்கொண்டு
"நாலு" என்றார்.
பணக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு
எத்தனை வகைப் பாயசம் என்று கேட்டவர் மாதிரி.

ஆடியில் ஊற்றியதைக் காற்று குடித்துவிடும்.

ஐப்பசியில் கணக்கு தலைகீழ்.
மழையில் ஊற்ற வேண்டாம்,
அது யாருக்கும் தெரியும்.
மழை விட்ட பின்னும்
கையைக் கட்டிக்கொண்டிருப்பதுதான் கஷ்டம்.
விரலை இரண்டு கணு மண்ணுக்குள் விட்டுப் பார்க்க வேண்டும்.
தட்டில் நின்றதைக் கொட்ட வேண்டும்.
குருத்துக் குழியில் தேங்கினால்
உச்சியிலிருந்து அழுகும்.
புயலுக்கு முந்தின நாள்
தொட்டியைச் சாய்த்துச் செங்கல் கொடுத்தேன்.

அந்த வியாழன் நானும் போகவில்லை,
அவரும் வரவில்லை.
சனிக்கிழமை, முழங்கால் தண்ணீரில்,
மீன்பாடி வண்டியில் உட்காரவைத்து
மருமகன் கொண்டுவந்தான்.
நாலரை கிலோ. இமைகூட வீங்கியிருந்தது.
ஊரே தண்ணியா நின்னுச்சு,
ஒரு வாய் கூட அதிகம் குடிக்கல என்றார்.
தலையாட்டினேன்.
மெஷின் எடுத்துக்கொண்டே இருந்தது.
மூன்றாவது மணியில் கண் திறந்து,
"அதுக்கு?"
"அஞ்சு நாளா எதுவும் ஊத்தல சார்."
"நல்லது.
எடுத்து வெளிய விட ஆள் கிடையாதில்ல அதுக்கு."

மார்கழியில் ஏசி கிடையாது.
டிரம்மில் பிடித்த மழைநீர்,
இரண்டு நாளைக்கு ஒரு சொம்பு,
வெயில் வந்த பிறகு.
தையில் ஒரு குருத்து எழுந்தது,
பிரிக்காத கிரேப் பேண்டேஜ் சுருள் போல,
பழுப்பு ரோமத்தோடு.
போட்டோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன்.
பார்த்தார்.
"படம் இருக்கட்டும்மா.
ஊத்தறப்ப சத்தத்த ஒரு தடவை பிடிச்சிட்டு வா."

நாற்பத்தொரு வினாடி.
போனைக் காதோடு வைத்துக்கொண்டு
கண்ணை மூடினார்.
தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

நாளை செவ்வாய்.
மறுபடி மாசி வெயில் சுள்ளென்கிறது,
ஜெபசீலி இன்னும் ஏசி போடவில்லை.
வாளியில் ஒரு சாண் இருக்கிறது.