அரை நாள்

தனட்பின் வயலில் நெல்லறுத்த தாள்
இன்னும் காலைக் குத்துகிறது.
இடையில் உளுந்து, நாற்பதாம் நாள்.
விவசாய இலாகாவின் மா எய் ம்யா
ஒரு செடியைப் பிடுங்கி உதறி
வேர்முடிச்சைச் சவர பிளேடால் நறுக்கினாள்.
உள்ளே இளஞ்சிவப்பு.
பல் துலக்கையில் ஈறில் கசியுமே, அந்த நிறம்.
"இது உழைக்கிறது."
இன்னொன்றை நறுக்கினாள். சோற்றுப்பருக்கை வெள்ளை.
"இது தின்றுவிட்டுச் சும்மா இருக்கிறது.
செடிக்குத் தெரியும்.
அந்த அறைக்கு மட்டும் மூச்சைக் குறைத்துவிடும்."

கூலிக் கணக்கு எழுதுகிறவன் நான்.
காதில் பென்சில், இடுப்பில் நோட்டு.

வாசம் விட்டு அழைத்தது இந்த வேர்தானே,
மயிர்முனையைச் சுருட்டி உள்ளே இழுத்து
அறை கட்டிச் சர்க்கரை ஊட்டியதும்.
என் பூட்டனுக்கு முன்பணம் நீட்டிக்
கப்பலேற்றிய மேஸ்திரியும்
இத்தனை நயமாய்ப் பேசியிருக்கமாட்டான்.

"ஓர் அறைக்குள் எத்தனை பேர்?"
"லட்சக்கணக்கில்."
"அத்தனை பேருமா சும்மா இருப்பார்கள்?"
அவள் பிளேடைத் துடைத்தாள்.
"ஆள் ஆளாய்ப் பார்க்க அதற்கு நேரமில்லை."

காய் முற்றினால்
சிவந்ததும் வெளுத்ததும் ஒன்றாய்ப் பச்சையாகி
அழுகுமாம். உயிரோடிருப்பவை
மண்ணுக்குள் போய்விடுமாம்,
யாரிடமும் சொல்லாமல்.

வெள்ளிக்கிழமை
தவசியம்மாளுக்கு அரை நாள் வெட்டியிருந்தேன்.
பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாள்.
நான் போய்ப் பார்க்கவில்லை.

வரப்பில் உட்கார்ந்து
அந்தப் பக்கத்தைத் திறந்தேன்.
பென்சிலில் எழுதியதுதான்.
ரப்பர் வீட்டில் இருக்கிறது.