பிழை: இரண்டு ஆண்டுகள்

கெண்ட் நகர மருத்துவமனை, கீழ்த்தளம்.
செவ்வாய்க்கிழமைகளில்
எலும்பு முறிந்தவர்கள் வரிசையில் காத்திருக்க
முறியாத கையோடு ஒருவன் உள்ளே வருவான்.
வலி ஏதும் இல்லை அவனுக்கு.
வயதுதான்.

இந்த வாரம் அல்செனி. கினியா நாடு, கிந்தியா.
பிறந்த தேதிக்கான கட்டத்தில்
ஜனவரி ஒன்று என்று யாரோ நிரப்பியிருக்கிறார்கள்.
என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் ஜனவரி ஒன்றுதான்.
அத்தனை பேருக்கும் சேர்த்துக் கேக் வெட்டினால்
இந்தத் தெரு கொள்ளாது.

"பெருமழையில் பாலம் போனதே, அந்த வருஷம்"
என்கிறான், தொலைபேசியில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் வழியே.
பாலத்துக்குக் கட்டம் இல்லை.

இடது மணிக்கட்டு. காறையெலும்பு. பிறகு பற்கள்.
தட்டின் மேல் விரல்களை விரித்து வைக்கிறான்.
சில்லிட்ட கை.
அசையாதே என்றால்
மூச்சையும் சேர்த்து நிறுத்திக்கொள்கிறான்.
மூச்சு விடலாம் என்பதற்கு
அவன் மொழியில் எனக்குச் சொல் தெரியாது.

எலும்பின் முனையில் ஒரு கோடு.
வளரும் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கும்,
வளர்ந்தவர்களுக்கு மூடிவிடும்.
எல்லைகளும் அப்படித்தான் என்று
ஒருமுறை டைரியில் எழுதி
அடித்துவிட்டேன்.
வெறும் கெட்டிக்காரத்தனம் அது.

அல்செனியின் கோடு பாதி மூடியிருக்கிறது.
அறிக்கையில் வரப்போவது: பதினெட்டு புள்ளி நான்கு.
பிழை, கூட்டியோ குறைத்தோ, இரண்டு ஆண்டுகள்.
அந்த இரண்டு ஆண்டுகளில்தான்
அவன் பிழைக்க வேண்டும்.
இந்தப் பக்கம் என்றால் பள்ளிக்கூடம், பாதுகாவலர், சனிக்கிழமைக் கால்பந்து.
அந்தப் பக்கம் என்றால் ஆண்கள் முகாமில் ஒரு இரும்புக் கட்டில்,
கட்டில் இல்லையென்றால்
கால்வாயோரம் கூடாரம்.

விதி எழுதியவர்கள் கல்நெஞ்சர்கள்
என்று சொல்லிவிட்டால் நன்றாகத் தூக்கம் வரும்.
போன பிப்ரவரியில்,
பதினாறு என்றவனின் வாயில்
நான்கு ஞானப்பற்களும் தேய்ந்திருந்தன.
அவனுக்கு ஒதுக்கியிருந்த அறையில்
பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் படுத்திருந்தான்.
கை நடுங்காமல் கையெழுத்துப் போட்டேன்.
பொய் சொன்னவனுக்கும்
தப்பி வர ஒரு காரணம் இருந்திருக்கும்.
அதைப் படம் பிடிக்க
இந்த இயந்திரத்தில் பொத்தான் இல்லை.

என் மகன் யோரிஸுக்குப் பத்தொன்பது முடிந்துவிட்டது.
ஒரு ஞானப்பல்கூட முளைக்கவில்லை.
பாஸ்போர்ட் எடுக்கப் போன இடத்தில்
யாரும் அவனை வாயைத் திறக்கச் சொல்லவில்லை.
அவன் பிறந்த காலையில்
தூக்கக் கலக்கத்தோடு ஒரு செவிலி எழுதிய தாள்,
அவனுக்காக இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.

படம் எடுத்து முடிந்தது.
அல்செனி திரையில் தன் கையைப் பார்க்கிறான்.
ஐந்து விரல்களையும் மெல்ல மடக்குகிறான்.
திரையில் இருக்கும் கை மடங்கவில்லை.
"பாஸா?" என்று கேட்கிறான், பரீட்சை எழுதியவன் போல.
தொலைபேசியில் குரல் அதை மொழிபெயர்த்துவிட்டுக் காத்திருக்கிறது.
நானும்.

அடுத்து, சைக்கிளிலிருந்து விழுந்த ஒரு பெரியவர்.
முழங்கை.
பிறந்த தேதி கேட்டேன்.
வலியில் முனகியபடியே
சட்டென்று சொன்னார்.
எழுதிக்கொண்டேன்.