பொருள் எண் பதினான்கு

எங்கள் நகராட்சியின் பன்னாட்டு உறவுப் பிரிவு என்பது
நான் ஒருத்திதான்.
குப்பைப் பை விற்கும் முகப்புக்கும்
நாய் உரிமம் புதுப்பிக்கும் முகப்புக்கும் நடுவே
என் மேசை.
மேலே இரண்டு சின்னக் கொடிகள்.
ஒன்று எங்களுடையது.
மற்றது நீலம், கறுப்பு, வெள்ளை.
எஸ்டோனியா என்பேன்.
ஓகோ என்று தலையாட்டிவிட்டு
பெரிய பை பத்து கேட்பார்கள்.

சகோதர நகரம் என்கிறது ஒப்பந்தம்.
எனக்கென்னவோ சம்பந்தி வீடாகத்தான் படுகிறது.
எந்தக் கல்யாணத்தில் என்றுதான்
இரண்டு ஊரிலும் யாருக்கும் நினைவில்லை.
ஆண்டுக்கொரு சீர் போகும், ஒரு சீர் வரும்.
குறை சொல்லிவிடுவார்களோ என்று
கடல்கள் தாண்டியும் ஒரே பயம்.

இங்கிருந்து போவது மூடி போட்ட மண்சட்டி.
அங்கிருந்து வருவது
கம்பளிக் கையுறை, ஜோடி ஒன்று.
இருபத்து மூன்று ஜோடிகள்
கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள்,
ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு
விரல் விறைத்துக் கிடந்தன.
ஒவ்வொன்றுக்கும் எண்.
எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பலகை:
தொடாதீர்.

பிப்ரவரியில் வந்தாள் கெர்ட்டு.
பெட்டி ஒசாகாவில் தொலைந்துபோக
தோள்பை மட்டும் வந்து சேர்ந்தது.
கடல் பக்கமிருந்து சாய்ந்து சாய்ந்து பனி.
நகரத்தலைவர் ஒகினோ
ஆறு பக்க வரவேற்புரையில்
இரண்டாம் பக்கத்தில் இருந்தார்.
அவள் கைகள்
வேகவைத்த நண்டின் நிறத்தில் இருந்தன.

பெட்டியைப் பார்த்தாள்.
கிட்டப் போனாள்.
"பதினான்கு, எங்கள் சித்தி பின்னியது."
பிறகு, சிரிப்பை அடக்கிக்கொண்டு:
"கட்டைவிரலில் ஆரஞ்சு, பாருங்கள்.
சிவப்பு நூல் தீர்ந்துபோச்சு அந்த வருஷம்."

என் வயிற்றில் ஏதோ நழுவியது.
அந்த ஆரஞ்சைப் பற்றிக்
கையேட்டில் எழுதியவள் நான்:
உதிக்கும் சூரியனின் நாட்டுக்கு
வடகடல் மக்கள் செலுத்தும் வணக்கம்.
பள்ளிப் பிள்ளைகள் அதை
மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறார்கள்.

மொழிபெயர்ப்பாளரும் நான்தான்.
ஒகினோ என் முகத்தையே பார்த்தார்.
எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம்.
"நூல் தீர்ந்துவிட்டதாம்" என்றேன்.
தாளை மடித்தார்.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"எங்கள் வீட்டிலும்
அப்படித்தான் தீரும்" என்றார்.

சாவி பென்சில் குவளையில் இருந்தது.
பூட்டு திறந்ததும்
ஆட்டு வாசம், அந்துருண்டை,
யாருடைய அடுப்பிலிருந்தோ ஏறிய
பழைய புகை.
அவள் கேட்கவில்லை.
நானும் கொடுக்கவில்லை.
கையுறை அவள் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் எங்கள் சட்டிகளைக் காட்டினாள், கைப்பேசியில்.
ஒன்றில் வெந்நீர்,
நீராவி அறையின் சூட்டுக்கல் பக்கத்தில்,
பூர்ச்ச மரத்து இலைக்கொத்து ஊறியபடி.
ஒன்றில் துறைமுகக்காரர்
துருப்பிடித்த திருகாணிகளைப் போட்டு வைத்திருந்தார்.
ஒன்று உடைந்து,
ஆப்பிள் கன்றின் வேரடியில்.
சோறு?
"ஒருமுறை வைத்தோம். அடிப்பிடித்தது."
மன்னிப்புக் கேட்டாள்.
அடிப்பிடித்ததுதான் ருசி என்று சொல்ல நினைத்தேன்,
சரியான சொல் எந்த மொழியிலும் வரவில்லை.
வாயருகே விரல் குவித்துக் காட்டினேன்.
கண்ணை விரித்தாள்:
"சித்தி அதைத்தான் சுரண்டிச் சாப்பிட்டாள்!"

மறுநாள் வாசலில்
மீன் ஏலக் கூடத்து ஷிகேகோ அம்மாள்.
வண்டி வர வழியில்லை, பனி வாரணும்,
அந்தக் கண்ணாடிப் பெட்டிக்காரக் கையுறை
ஒன்பதாவது கிடைக்குமா என்றாள்.
குப்பைப் பைக்குப் படிவம் உண்டு.
நாய்க்கு மூன்று படிவங்கள்.
இதற்கு இல்லை.
ஒன்பதை எடுத்துக் கொடுத்தேன்.

மாலையில் இருப்புப் பதிவேட்டைத் திறந்தேன்.
இருபத்து மூன்று ஆண்டுகளாக
'நிலை' என்ற கட்டத்தில்
நன்று, நன்று, நன்று
என்று என் கையெழுத்தே வரிசை நிற்கிறது.

ஜன்னலுக்கு வெளியே மண்வாரியோடு இருவர்.
உயரமான ஒருத்தி, குள்ளமான ஒருத்தி.
பேச்சு கேட்கவில்லை, மூச்சுப்புகை தெரிந்தது.

பேனாவை எடுத்து
ஒன்பதுக்கு நேராகவும்
பதினான்குக்கு நேராகவும் எழுதினேன்:
ஈரம்.