முகத்துவாரம்

காரங்காட்டுக் கழி கடலைத் தொடும் இடத்தில்
மணல் ஏறி அடைத்துவிட்டால்
தண்ணீர் சும்மா இருக்காது.
அலையாத்தி வேருக்குள் புகுந்து
உப்பளத்து வரப்பை உடைத்து
வழியில்லாத வழியெல்லாம் போகும்.
இது எனக்குத் தெரியும் என்று
டாக்டரிடம் சொல்லவில்லை.

ஸ்கேன் உறையின் பின்பக்கம்
அவர் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.
குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் பெரிய நாளம்
இவனுக்கு அடைத்திருக்கிறது.
ரத்தம் திரும்பி
உணவுக்குழாயின் சின்ன நரம்புகளில் ஏறிப்
புடைத்துப் புடைத்து
ஒருநாள் உடைகிறது.

அந்த ஒருநாள்
சத்துணவுத் தட்டில் வந்தது.
டீச்சர் பீட்ரூட் என்று நினைத்தாராம்.
அதற்கு முன் இரண்டு நாள்
கணவாய் மை போலக் கறுப்பாய்ப் போனான்.
நாவல் பழம் தின்றிருப்பான் என்று
நான்தான் சொன்னேன்.

கல்லீரல். மண்ணீரல்.
கல்லும் மண்ணும் நீரும்
பிள்ளைக்குள்ளும் கிடப்பதை
அன்றுதான் காதில் வாங்கினேன்.

"பிறந்தப்போ தொப்புள்ல சீழ் வச்சுதா?"
வைத்தது. சாம்பல் தடவினோம்.
"அதனாலயா சார்?" என்றாள் பிலோமி.
பேனாவை மூடினார்.
"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.
பல பிள்ளைகளுக்குக் காரணமே தெரியறதில்லை."
அதில் முதல் சொல்லை மட்டும் மடித்து
மதுரையிலிருந்து ஊர்வரை
மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

மூன்று தடவை குழாய் விட்டு
ரப்பர் வளையம் போட்டார்கள்.
மறுபடியும் உடைந்தது.

பிறகு
அவன் கழுத்திலிருந்தே ஒரு நாளத்தை எடுத்து,
சுட்டுவிரல் நீளம்தான்,
அடைப்பைச் சுற்றிக்கொண்டு போக
உள்ளே புது வழி தைத்தார்கள்.
எட்டு மணி நேரம்.
நான் கேன்டீனில் ஒரு டீயை
ஆறவிட்டு, சூடாக்கச் சொல்லி, ஆறவிட்டேன்.

முகத்துவாரம் வெட்டுகிறபோது
தண்ணீர் ஓடத் தொடங்குவது
கண்ணுக்கு முன்னால் காலுக்குத் தெரியும்;
மணல் கணுக்காலடியில் நழுவும்.
இங்கே காதுக்குத் தெரிந்தது.
பசை தடவி, கருவியை வயிற்றில் வைத்து,
சத்தத்தைக் கூட்டிவைத்தார் ஒரு பெண் டாக்டர்:
வாடைக்காற்று பாயில் விழுவது போல
விடாத ஓர் இரைச்சல்.
"ஓடுது" என்றார்.
ஜெரோனுக்குக் கூச்சம். சிரித்தான்.

ராமநாதபுரத்தில் தொண்டி பஸ்.
நெரிசலில் ஒரு நண்டுக்கூடை அவன் பக்கம் சாய
என் கை தானாகப் போய்
இடது விலாவுக்குக் கீழே மூடியது.
இரண்டு வருஷப் பழக்கம்.
பந்து, முழங்கை, கதவுத் தாழ்ப்பாள்,
எதுவும் அங்கே படக்கூடாது.
மண்ணீரல் சுருங்கி வருகிறதென்று
சீட்டில் எழுதியிருக்கிறார்கள்.
கைக்கு யார் படித்துச் சொல்வது?

அவன் தட்டிவிட்டான்.
"எடுப்பா. வேர்க்குது."